மண்ணும் தீயும் – 17: மூசைக்குள் பிறந்த எஃகு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலின் கதையைச் சில இதழ்களாகப் பார்த்துவருகிறோம். நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண் இங்கே வந்து ஃபியூஸ் கேரியராகவும் மின்கம்பத்து இன்சுலேட்டராகவும் அகல் விளக்காகவும் பொம்மையாகவும் மாறிய விதத்தைச் சொன்னேன். அந்தக் கதை முழுவதும் ஒரு குணம் கூடவே வந்தது. பீங்கான் மின்சாரத்தைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்கும், அமிலத்தைத் தாங்கும். கை தவறிக் கீழே விழுந்தால் தாங்காது. இரும்பு ஆணி சுத்தியல் அடிக்கு வளைந்துகொடுக்கிறது. பீங்கான் வளையாமலே உடைகிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அதற்கான விடையின் முதல் நூலிழை நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து வயல்வெளியிலேயே கிடக்கிறது. அதனால் இந்த இதழில் சூளையை விட்டு உலைப்பக்கம் போவோம்.

விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கீழே போய் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. ஆற்றின் போக்குக்கு எதிராக மேற்கே நடந்தால் கல்வராயன் மலை. அதற்கும் அப்பால் சேலத்துக் கஞ்சமலை. இந்த நிலப்பரப்பில் இரும்புருக்கும் தொழில் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் சாரதா சீனிவாசன் லண்டன் தொல்லியல் நிறுவனத்தின் ஆய்வாளராக இப்பகுதிகளில் அலைந்தபோது, தென்னார்க்காட்டு மேல்சிறுவள்ளூரில் ஒரு பழைய எஃகுத் தொழிற்களத்தை அடையாளம் கண்டார். 1994-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். களத்தில் அவருக்குக் கிடைத்த சாட்சி எஃகுக் கட்டி எதுவும் இல்லை. எஃகு வெந்த மண்கலங்களின் உடைந்த ஓடுகள்தான். மூசை என்று நம் பொற்கொல்லர்கள் சொல்லும் அதே வகைப் பாத்திரம். வெளிப்புறம் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிப் பூச்சாக இறுகியிருந்தது. உட்சுவரில் ஒட்டியிருந்த மிகச் சிறிய உலோகத்துளிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, அதிகக் கரி ஏறிய எஃகின் உள்ளமைப்பு தெரிந்தது.

அந்தக் கலங்களுக்குள் நடந்த வேலையை எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் பணியாற்றி, இரும்பின்மேல் கொண்ட பற்றால் அந்த வேலையை விட்டவர். அவர் விவரிக்கும் முறை இது: தேனிரும்பைத் துண்டுகளாக்கி ஒரு மூசைக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு வீதம் நெருக்கி அடுக்குவார்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு சிராய்களாக வெட்டிப் போடுவார்கள். அதன்மேல் ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு பிசைந்த களிமண்ணை ஒரு கைப்பிடி எடுத்து வாயை இறுக அடைப்பார்கள். இருபது முதல் இருபத்துநான்கு மூசைகளைச் சிறு உலைக்குள் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். உலை ஆறியதும் மூசையை உடைத்தால், அதன் அடிப்பாகத்தின் வடிவிலேயே எஃகுக் கட்டி உட்கார்ந்திருக்கும்.

எத்தனை கச்சிதமான ஏற்பாடு! கட்டை கருகி இரும்புக்குக் கரி ஊட்டுகிறது. கரி ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. வாயடைத்த களிமண் காற்றை உள்ளே விடாமல் காக்கிறது. காற்று புகுந்தால் ஏறிய கரி எரிந்துபோகும். ஒரு மூசைக்கு ஒரே பிறவிதான். உடைத்தால்தான் எஃகு கைக்கு வரும்.

பீங்கான் ஊர்க்காரர்கள் நின்று பார்க்கவேண்டியது அந்த மூசையை. ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், உள்ளே திரவ உலோகத்தின் சுமை, வெளியே எரியும் கரியின் உராய்வு. இவ்வளவுக்கும் உடையாமல் நின்றது வயல் களிமண்ணும் நெல் உமியும் கலந்து பிசைந்த ஒரு கலம். தெல்மா லோ என்ற ஆய்வாளர் 1980களில் தக்காணத்து மூசை ஓடுகளை ஆராய்ந்து, அதன் இரகசியத்தை விளக்கினார். காற்றில்லாத சூட்டில் உமி கருகி, கரியும் சிலிக்காவும் கொண்ட ஒரு சட்டகமாக ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. களிமண் பெருஞ்சூட்டில் முல்லைட் என்ற ஊசிப்படிகங்களை வளர்க்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து சுவரைத் தாங்குகின்றன. விருத்தாசலத்து இன்சுலேட்டருக்கு வலிமை தருவதும் இதே முல்லைட்தான். நம் சூளைகளின் முன்னோரைத் தேடுகிறவர்கள் குயவரின் சட்டியோடு நின்றுவிடுகிறார்கள். கொல்லரின் மூசையையும் அந்த வம்சாவளியில் சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த எஃகுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ஊட்ஸ். பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகளைப் பற்றி 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த மூளைகள் இந்தக் கட்டிக்குப் பின்னால் ஓடின. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மைக்கேல் ஃபாரடே ஊட்ஸைப் பகுத்தாராய்ந்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். 1819-இல் அவர் எட்டிய முடிவு தவறானது: சிலிக்காவும் அலுமினாவும்தான் இந்த எஃகின் சிறப்புக்குக் காரணம் என்று எண்ணினார். ஆனால் அந்தத் தவறு பலன் தந்தது. எஃகில் வேறு பொருளைக் கலந்தால் குணம் மாறும் என்ற நம்பிக்கையில், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாக எஃகில் கலந்து பார்த்தார். 1820-லும் 1822-லும் அந்தச் சோதனைகள் அச்சேறின. ஃபாரடே விட்டுச்சென்ற 79 எஃகு மாதிரிகளை நூறாண்டு கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு எடுத்து ஆராய்ந்தார். இன்றைய கலப்பு எஃகுகளின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அதாவது, நம் மூசை எஃகைப் போலச் செய்துபார்க்கும் முயற்சியில் தொடங்குகிறது.

பாரிஸ் நாணயச்சாலையின் ழான் ரோபேர் பிரெயான் சுமார் முந்நூறு சோதனைகள் நடத்திய பிறகு, கரியின் அளவுதான் விஷயம் என்று சரியாகச் சொன்னார்.

ஹீத் இதற்குள் களத்தில் இறங்கிவிட்டார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய இரும்பாலை இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யப் பார்த்த முதல் பெரு முயற்சிகளுள் ஒன்று. சேலத்துத் தாது, தென்னார்க்காட்டு மரக்கரி. மரக்கரி போதவில்லை, பணமும் போதவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்காலைகள் அதனால் செழித்தன. ஹீத்துக்கு மிஞ்சியவை வழக்குகள். 1851-இல் இறந்தார். பரங்கிப்பேட்டைக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் தர்காவையும் துறைமுகத்தையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அந்த இரும்பாலையையும் ஒருமுறை நினைக்கலாம்.

கதையின் நடுப்புள்ளி இனிமேல்தான். ஐரோப்பியக் கொல்லர்களுக்கு ஊட்ஸ் கட்டி கிடைத்தது, சம்மட்டி இருந்தது, பட்டறை இருந்தது. ஆனாலும் பலருக்கு அது பட்டறையில் நொறுங்கிப்போனது. அவர்கள் பழகிய இரும்பை வெள்ளைச் சூட்டில் அடித்தார்கள். ஊட்ஸ் அந்தச் சூட்டைத் தாங்காது. செஞ்சூட்டில் பொறுமையாக, மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்கவேண்டும். ஒரே கட்டி ஒருவர் கையில் வாளாகிறது, இன்னொருவர் கையில் தூளாகிறது. ஏன்?

ஊட்ஸில் கரி ஏறத்தாழ 1.5 சதவீதம். இந்தக் கரி இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற இரும்புக் கார்பைடாகிறது. மூன்று இரும்பணுவுக்கு ஒரு கரியணு. கணக்குப் போட்டால், கட்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் சிமென்டைட். அது மிகக் கடினம். பீங்கானைப் போலவே வளையாமல் முறியும். ஆக, ஊட்ஸ் என்பது வளையும் இரும்பும் முறியும் கார்பைடும் ஒரே உடம்பில் குடியிருக்கும் கலவை. இதில் எந்தக் குணம் வெல்லும் என்பது கார்பைடு எந்த வடிவில், எந்த அளவில், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ள, உலோகம் வளையும்போது உள்ளே நடப்பதைப் பார்க்கவேண்டும். உலோகம் சிறு சிறு படிகங்களின் தொகுப்பு. படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நிலையாக வளைந்த இரும்பில் ஓர் அணு வரிசை இன்னொன்றின்மேல் வழுக்கிச் சென்றிருக்கிறது. 1926-இல் யாக்கோவ் ஃப்ரெங்கெல் இதற்கு எவ்வளவு விசை தேவை என்று கணக்கிட்டார். வந்த விடை, உண்மையான உலோகப் படிகங்கள் வளையத் தேவைப்படும் விசையைவிட நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்குக்கும் மேல். கணக்கில் பிழையில்லை, ஆகவே வரிசை முழுவதும் ஒரேயடியாக வழுக்குவதில்லை என்றாகிறது.

1934-இல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் போலானி என்ற மூவர் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை நகர்த்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே இழுப்பில் நகர்த்த நாலைந்து பேர் வேண்டும். ஓர் ஓரத்தில் சிறு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மட்டும் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஒருவர் போதும். மடிப்பு வெளியேறும்போது ஜமுக்காளம் நாலு விரற்கடை நகர்ந்திருக்கும். படிகத்திலும் இப்படி ஓர் அணுவரிசை பிறழ்ந்து நிற்கும் கோடுகள் உண்டு. பிறழ்வுக் கோடு என்று சொல்லலாம். அது ஓடும் வழியெல்லாம் ஓரணு அகலத்துக்கு வழுக்கல் நிகழ்கிறது. கோடிக்கணக்கான கோடுகள் ஓடினால் கம்பி வளைகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் இது கருத்தளவிலேயே இருந்தது. 1956-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் கூட்டாளிகளும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அலுமினியத் தகட்டை வைத்துப் பார்த்தபோது, அந்தக் கோடுகள் கண்முன்னே நகர்ந்தன.

பீங்கானிலும் இந்தக் கோடுகள் உண்டு. ஆனால் அணுக்களுக்கிடையேயான பிணைப்பு மிக உறுதியானது; கோடு நகரப் பெரும் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் வருவதற்கு முன்பே, எங்கோ ஒளிந்திருக்கும் நுண்கீறலின் நுனியில் விசை குவிந்து விரிசல் ஓடிவிடுகிறது. வளைவதற்கும் விரிவதற்கும் இடையே நடக்கும் பந்தயம் இது; பீங்கானில் விரிசல் முந்துகிறது.

இப்போது ஊட்ஸுக்குத் திரும்பலாம். மூசைக்குள் மெல்ல ஆறிய கட்டியில், சிமென்டைட் படிகங்களின் எல்லையோரமாக வலைபோலப் படர்ந்திருக்கும். விரிசலுக்கு அது தயாரான பாதை. வெள்ளைச் சூட்டில் அந்த எல்லைகள் உருகத் தொடங்கிவிடும். சம்மட்டி பட்டதும் கட்டி சிதறும். செஞ்சூட்டில் அடித்து, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி அடிக்கும் கொல்லர் அந்த வலையை உடைத்துச் சில மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாக்கிவிடுகிறார். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இனி விரிசலுக்குத் தொடர்ச்சியான பாதை இல்லை. இரும்பில் ஓடிவரும் பிறழ்வுக் கோடு, கார்பைடு உருண்டையை வெட்டமுடியாமல், இரண்டு உருண்டைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து, தன்னில் ஒரு வளையத்தை உருண்டையைச் சுற்றி விட்டுவிட்டுத் தாண்டுகிறது. அதற்குக் கூடுதல் விசை தேவை. உருண்டைகளின் இடைவெளி குறையக் குறையத் தேவையான விசை கூடுகிறது. இந்த வழியைக் கண்டு விளக்கியவரும் அதே ஓரோவான்தான். முறியும் பொருள் சிறியதாகச் சிதறியதும் எஃகுக்குப் பலமாகிவிட்டது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் பல ஆண்டுகள் கூடி வேலைசெய்து, ஊட்ஸில் அடித்த டமாஸ்கஸ் வாளின் அலையலையான கோலத்தை மீண்டும் உண்டாக்கினார்கள். 1998-இல் அவர்கள் சொன்னது: தாதுவிலிருந்து வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே இருந்தாலும் போதும், கார்பைடு உருண்டைகள் வரிசையாக அணிவகுக்கின்றன, அந்த அணிவகுப்புதான் கோலமாகத் தெரிகிறது. எந்த மலைத் தாது என்பது வாளின் முகத்தில் எழுதியிருந்தது. 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பீட்டர் பாஃப்லர் குழு, பதினேழாம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரி நானோகுழாய்களைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதியது; உலகெங்கும் செய்தியானது. வியப்பான கண்டுபிடிப்புதான். ஆனாலும் அந்த எஃகின் குணத்துக்கு முதற்காரணம் கார்பைடின் அளவும் அணிவகுப்புமே என்பதை நானோ என்ற சொல்லின் பளபளப்பில் மறந்துவிடக்கூடாது.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஓலெக் ஷெர்பியும் ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த்தும் மிகையளவு கரியேறிய எஃகை எடுத்து, அதன் படிகங்களை ஒரு மைக்ரான் அளவுக்கு நுணுக்கினார்கள். செஞ்சூட்டில் இழுத்தபோது அது அறுந்துவிடாமல் பல மடங்கு நீண்டது. தாங்கள் கையாண்ட கரி அளவு பழைய டமாஸ்கஸ் வாள்களுடையது என்பது அவர்களுக்குப் பிறகே தெரியவந்தது. மிகைக்குழைமை எனலாம் இந்தக் குணத்தை. இதில் படிகங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எல்லைகளில் வழுக்குகின்றன. இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றை 1980-இல் ஜி. ஜே. டேவிஸோடு சேர்ந்து எழுதியவர் சென்னை ஐஐடியின் கே. ஏ. பத்மநாபன்.

அளவு சிறுத்தால் குணம் மாறும் என்பதை உலோகத்துக்குள் பார்த்தோம். பொருளையே சிறியதாக்கினால்? 1956-இல் எஸ். எஸ். பிரென்னர் ஒன்றரை மைக்ரான் அளவு தடிமனுள்ள இரும்பிழையை இழுத்துப் பார்த்தார். அது தாங்கியது சுமார் 13 கிகாபாஸ்கல்; சாதாரணக் கட்டுமானக் கம்பி தாங்குவதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். ஃப்ரெங்கெலின் பழைய கணக்கு அங்கே கிட்டத்தட்ட உயிர்பெற்றது, ஏனெனில் அவ்வளவு சிறிய, குறையற்ற இழையில் ஓடுவதற்குப் பிறழ்வுக் கோடுகளே அநேகமாக இல்லை. 2004-இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் மைக்கேல் உச்சிக்கும் கூட்டாளிகளும் இன்னொரு வழி கண்டார்கள். அயனிக் கற்றையால் நிக்கல் படிகத்தைச் செதுக்கிச் சில மைக்ரான் அகலமுள்ள நுண்தூண்களை நிறுத்தி, மேலிருந்து அழுத்தினார்கள். தூண் மெலிய மெலிய வலிமை ஏறியது. வளைவும் சீராக வரவில்லை. நின்று நின்று, திடீர்த் திடீரென்று தாவியது. கண்ணுக்குத் தெரியும் கம்பியில் கோடிக்கணக்கான கோடுகளின் ஓட்டம் கலந்து சமதளமாகத் தெரிகிறது. நுண்தூணில் ஒவ்வொரு கோடும் தன் அடியைத் தனியே வைக்கிறது.

இந்த நுண்தூண் சோதனைகளில் பீங்கான் ஊருக்கு உரிய பகுதி ஒன்று உண்டு. சிலிக்கான் அறைவெப்பத்தில் கண்ணாடியாகத் தெறிக்கும். 2009-இல் வெளியான சோதனைகளில், 300 முதல் 400 நானோமீட்டருக்குக் கீழே மெலிந்த சிலிக்கான் தூண்கள் தெறிக்காமல் வளைந்தன. குவாசிப் படிகம் என்ற விசித்திர உலோகக்கலவை பெருங்கட்டியாக இருக்கையில் அறைவெப்பத்தில் வளையவே வளையாது. சூரிக் நகரத்து ஆய்வாளர்கள் 2016-இல் அதையே சில நூறு நானோமீட்டர் தூண்களாக்கி வளையவைத்தார்கள். வீணைத் தந்தியாகும் எஃகுக் கம்பியை அச்சுக்குள் இழுத்து மெலிதாக்கும்போது, அதனுள்ளே சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள சிமென்டைட் தகடுகள் இரும்போடு சேர்ந்து தாமும் நீள்கின்றன. முறியும் என்று நாம் முத்திரை குத்திய அதே சிமென்டைட்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. விரிசல் ஓட ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் பொருளின் பருமனுக்குள் சேமிக்கப்படுகிறது. செலவாவது புதிய பரப்பை உண்டாக்குவதில். பொருள் சிறுக்கும்போது பருமன் மும்மடியாகக் குறைகிறது, பரப்பு இருமடியாகவே குறைகிறது. ஓர் அளவுக்குக் கீழே சேமிப்பு செலவுக்குப் போதாது. விரிசல் பந்தயத்தில் பிந்துகிறது. பிறழ்வுக் கோடு முந்துகிறது.

விருத்தாசலத்தில் பால் மில் ஓட்டுகிறவர்களுக்கு இதன் ஒரு முகம் பழக்கம். ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் கூழாங்கல் உருள அரைக்கும்போது, ஓரளவு வரை நைசாகும். அதற்குமேல் எத்தனை மணி நேரம் சுற்றினாலும் மாவு மெலிவதில்லை, மின்கட்டணம் மட்டும் ஏறும். 1978-இல் கெவின் கெண்டல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் இதற்குக் காரணம் சொன்னார். துகள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும், சுண்ணாம்புக்கல் தூளுக்கு அது சுமார் ஒரு மைக்ரான், நசுக்கினால் உடைவதில்லை, தட்டையாகி வளைந்துகொடுக்கிறது. மில்லுக்குள் கல்லே குழைகிறது. பீங்கான், உலோகம் என்று இரண்டு அறைகளாகப் பிரித்து நாம் பாடம் படிக்கிறோம். அந்தச் சுவர் பொருளில் மட்டும் இல்லை, அளவிலும் இருக்கிறது என்பதுதான் இந்த எழுபதாண்டு ஆராய்ச்சியில் என்னை மிகவும் ஈர்க்கும் முடிவு.

ஃபாரடே தொடங்கிய கலப்பு வேலை இருபத்தோராம் நூற்றாண்டில் எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நேற்றுவரை எல்லாக் கலவைக்கும் ஒரு தலைமை உலோகம் இருந்தது. மற்றவை அதற்கு உப்பும் உறைப்புமாகச் சேர்ந்தன. 2004-இல் இங்கிலாந்தின் பிரையன் கேன்டரும் தைவானின் ஜியென்-வெய் யேயும் தனித்தனியே வேறுவகைக் கலவைகளை வெளியிட்டார்கள். கேன்டரின் கலவையில் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் சம பங்கு. அதற்கு முந்தைய ஆண்டே, 2003-இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இத்தகைய பல்லுலோகக் கலவைகளை உலகுக்கு அறிமுகப்படுத்தி எழுதினார். மறு ஆண்டு சாரதா சீனிவாசனோடு சேர்ந்து ஊட்ஸ் எஃகைப் பற்றி நூல் வெளியிட்டவரும் அதே ரங்கநாதன்தான். மூசை எஃகும் இன்றைய பல்லுலோகக் கலவையும் ஒரே மனிதரின் மேசையில் அடுத்தடுத்து இருந்தன. சென்னை ஐஐடியில் பி. எஸ். மூர்த்தி இந்தக் கலவைகளை ஆராய்ந்தார். யே, ரங்கநாதன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2014-இல் வந்தது.

இத்தகைய கலவையில் பிறழ்வுக் கோட்டின் பயணம் கடினம். பக்கத்துப் பக்கத்து அணுக்கள் வெவ்வேறு பருமன். பாதை எங்கும் மேடுபள்ளம். கோடு நேராகச் செல்லமுடியாமல் நெளிகிறது, ஒவ்வோரிடத்திலும் சிக்கி விடுபடுகிறது. அதனால் நுண்தூணாக்கினாலும் வலிமை தூய உலோகத்தில் ஏறும் வேகத்தில் ஏறுவதில்லை. நயோபியம், மாலிப்டினம், டான்டலம், டங்ஸ்டன் கலந்த தூண்களில் இதைக் கண்டார்கள். பெரிய கட்டியிலேயே கோட்டுக்குத் தடை நிறைய இருப்பதால், அளவு சிறுத்துக் கிடைக்கும் கூடுதல் பலம் அத்தனை பெரிதாகத் தெரிவதில்லை.

சிக்கி விடுபடும் இந்த ஓட்டத்தின் கணிதம் பெருமளவு நம் கடற்கரையில் வளர்ந்தது என்பதைப் பலர் அறியார். கல்பாக்கத்தில், அன்றைய அணு உலை ஆராய்ச்சி மையத்தில், ஜி. அனந்தகிருஷ்ணாவும் எம். சி. வல்சகுமாரும் 1982-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். சில உலோகக்கலவைகளைச் சீராக இழுத்தாலும் அவை வெட்டி வெட்டி நீள்கின்றன. கரைந்திருக்கும் அந்நிய அணுக்கள் பிறழ்வுக் கோட்டைத் துரத்திப் பிடிக்கின்றன, கோடு உதறிக்கொண்டு ஓடுகிறது, மறுபடி பிடிபடுகிறது. இந்த இழுபறியை அவர்கள் சமன்பாடுகளாக்கினார்கள். சில சூழலில் அது ஒழுங்கற்ற கலக்கமாக மாறும் என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். பின்னாளில் சோதனைகள் அதை உறுதிசெய்தன. அதே மையத்தின் பிளாசிட் ரோட்ரிக்ஸ் 1984-இல் இந்த வெட்டு நீட்சி பற்றி எழுதிய தொகுப்புக் கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. உலைக்குள் எரிபொருளைப் பொதிந்திருக்கும் துருவேறா எஃகுக் குழாய் ஆண்டுக்கணக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்கு அன்றாடக் கவலை. கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது.

மேல்சிறுவள்ளூரில் மூசையைப் பிசைந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் உடைத்தெறிந்த ஓடுகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் சேலத்திலும் ஏர் உழும்போது, கிணறு வெட்டும்போது, வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போது இத்தகைய ஓடுகளும் இரும்புக் கசடும் மேலே வரலாம். கருத்த, கனமான, ஒரு புறம் கண்ணாடிப் பூச்சேறிய ஓடு கண்ணில் பட்டால் சாலைக்கு நிரவுமண்ணாகக் கொட்டிவிடாதீர்கள். கிடைத்த சர்வே எண்ணையும் ஆழத்தையும் எழுதி, இருந்த இடத்திலேயே படமெடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கோ கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். விருத்தாசலத்து அரசு செராமிக் பயிலகத்தின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உமியும் களிமண்ணும் கலந்த ஒரு மூசையை உங்கள் சூளையில் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். எந்த விகிதத்தில் கலந்தால் நிற்கிறது, எந்தச் சூட்டில் இளகுகிறது என்று குறித்து எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் குறிப்புகள் இந்தத் தொடரில் உங்கள் பெயரோடு வெளிவரும்.

(தொடரும்)